பட்டியலில் இல்லாத பிளைவுட்

என் தங்கை வீட்டுக் கூடத்தின் மூலையை மறித்து ஓர் அறை போட வேண்டும். பன்னிரண்டு நாள் கெடு. பதின்மூன்றாம் நாள் அவள் புருஷனை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிடுவார்கள். படுக்கையறை மாடியில் இருக்கிறது, பதினாறு படி. அந்தப் படியை அவன் இனி ஏறப் போவதில்லை என்பது டாக்டருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், தங்கைக்கும் தெரியும். அவனுக்கு மட்டும் தெரியாது.

அவன் எனக்கு மாப்பிள்ளை. தங்கையைக் கட்டியதால் ஒட்டிக்கொண்ட உறவு என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கு நான்கு வருஷம் முன்பிருந்தே நாங்கள் கூட்டாளிகள். கல்யாணத்துக்குப் பிறகு நான் அவனைக் கூப்பிடுகிற 'டா' போய் 'மாப்ள' வந்தது, கூடிய மரியாதை அவ்வளவுதான். எங்களுக்கு ஜிப்சம் போர்டு வேலை. சுவர் இல்லாத இடத்தில் தகரச் சேனலை வரிசையாக நிறுத்தி, இரண்டு பக்கமும் போர்டை வைத்து ஸ்க்ரூ அடித்து, இணைப்பில் டேப் ஒட்டி, பட்டி பூசித் தேய்த்துவிட்டால் அங்கே ஒரு சுவர் வந்துவிடும். கூரைக்குக் கீழே இன்னொரு கூரையும் போட்டுத் தருவோம். எட்டடிக்கு நாலடி போர்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்க இரண்டு ஆள் வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக ஒரு முனையில் நான், மறுமுனையில் அவன்.

தொழிலில் எனக்குப் பட்டப்பெயர் முக்கால். நூறு வேண்டிய இடத்தில் எழுபத்தைந்துதான் எழுதுவேனாம். எழுதுவேன்தான், அதிலென்ன தப்பு? மிச்சமாகிற போர்டைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும் என்று எனக்கென்ன தலையெழுத்தா? அவன் நேர் எதிர். எந்தக் கணக்கு போட்டாலும் மேலே பத்து சதவீதம் சேதாரம் சேர்ப்பான். "உடையும் மச்சான், மழைல நனையும், எலி கடிக்கும்" என்பான். "ஜிப்சத்தை எதுக்குய்யா எலி கடிக்குது, அதுக்குப் பைத்தியமா?" என்று நான் எரிந்து விழுவேன். கதவு வருகிற இடத்தைக் கணக்கிலிருந்து கழிக்கலாமா கூடாதா என்று நாங்கள் போட்ட சண்டையில் ஒரு வீட்டுக்காரர் வேலையே வேண்டாம் என்று ஓடிப்போயிருக்கிறார்.

அவனுக்குப் பட்டப்பெயர் வைத்தியர். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதல் வேலையாக விரல் முட்டியால் சுவரைத் தட்டுவான். உள்ளே சேனல் ஓடுகிறதா, பலகை இருக்கிறதா, வெறும் காற்றுதானா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவான்.

எட்டு வருஷம் முன்பு ஒருமுறை, வயதான தம்பதி இருந்த வீட்டில், படுக்கையிலிருந்து குளியலறைக்குப் போகிற பக்கத்துச் சுவரை நான் மூடிப் பட்டியும் பூசிவிட்டேன். அவர்கள் பிடித்துக்கொண்டு நடக்க அந்தச் சுவரில் கைப்பிடிக் கம்பி வர வேண்டும். ஜிப்சம் போர்டு ஆள் பாரத்தைத் தாங்காது. கம்பி வருகிற உயரத்தில் உள்ளே ஒரு பிளைவுட் பட்டை ஓட வேண்டும், இல்லாவிட்டால் பிடித்தவரோடு சேர்ந்து கம்பியும் பெயர்ந்து விழும். நான் சேனலிலேயே அடித்துக்கொள்ளலாம் என்று பிளைவுட்டை விட்டுவிட்டேன். சாயங்காலம் இவன் வந்து தட்டினான், உள்ளே வெறும் காற்றின் சத்தம். டொம். ஒரு சாண் தள்ளித் தட்டினான். டொம்.

"மச்சான், சுவரத் தொற."

"விளையாடுறியா? பட்டி காஞ்சு போச்சு."

"கெழவர் விழுந்தா நீ தூக்குவியா? தொற."

அவனை வாயில் வந்தபடி திட்டிக்கொண்டேதான் உடைத்தேன். ஆனால் அன்றிலிருந்து நோயாளியோ முதியவரோ இருக்கிற வீடு என்றால் என் பட்டியலின் முதல் வரியே பிளைவுட்தான். அதைக் கண்ணால் பார்க்காமல் அவன் பட்டியலைக் கடைக்கு அனுப்ப விடமாட்டான்.

அவன் விழுந்தது ஏழடி உயரத்திலிருந்து. ஏழடி ஓர் உயரமா? ஒரு கடையின் மேல்கூரைக்குப் போர்டு தூக்கிக்கொண்டிருந்தோம். நாங்கள் நிற்கிற பலகையைத் தாங்க மூன்று ஸ்டேண்டு வைப்போம் என்றான். இரண்டு போதும் என்றவன் நான். மூன்றாவது ஸ்டேண்டு வண்டியில்தான் இருந்தது, வண்டி வாசலில்தான் நின்றது. பலகை நடுவில் தொய்ந்து, அவன் பக்கம் வழுக்கியது. கீழே அடுக்கியிருந்த சேனல் கட்டின் மேல் முதுகு பட விழுந்தான். போர்டில் என் முனை மட்டும் என் கையில் இருந்தது.

இதைப் பற்றித் தங்கை என்னிடம் இன்றுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாலு பேர் முன்னால் சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால்கூடத் தேவலை.

டாக்டர் என்னையும் தங்கையையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னார். இடது கை நன்றாக வேலை செய்யும். வலது கை ஏதோ கொஞ்சம். இடுப்புக்குக் கீழே எதையும் எதிர்பார்க்க வேண்டாம். சாய்த்து உட்கார வைக்க முடிந்தாலே பெரிய விஷயம். அதற்கு மேல் கையை விரித்துவிட்டார். தங்கை அழவில்லை. தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திருகித் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, அவர்கிட்ட யாரும் வாயத் தொறக்கக் கூடாது. ஆறு மாசத்துல எழுந்து நடந்துருவேன்னு நம்பிக்கிட்டு இருக்காரு. அந்த நம்பிக்கையிலதான் ரெண்டு வாய் சாப்பிடுறாரு. அதுவும் போச்சுன்னா என்னால முடியாது."

"நான் ஏன் சொல்லப் போறேன்?"

"உன் மூஞ்சி சொல்லிரும். மூஞ்சியக் கொஞ்சம் சரியா வெச்சுக்கோ."

மறுநாள் அளவெடுக்கப் போனேன். டேப்பின் ஒரு முனையைப் பிடிக்க ஆளில்லை, தங்கை பிடித்தாள். கூடத்தின் மூலையில் ஏற்கெனவே இரண்டு செங்கல் சுவர். புதிதாக இரண்டு சுவர் வேண்டும்: ஒன்று பன்னிரண்டடி, ஒன்று எட்டடி. கூரை பத்தடி உயரத்தில் இருந்தது. அதுவரை ஏற்றினால் எட்டடி போர்டுக்கு மேல் இரண்டடி ஒட்டுப் போட வேண்டும், அத்தனையும் சேதாரம். எட்டடியிலேயே நிறுத்தி, மேலே தனிக் கூரை போட்டு மூடிவிடலாம் என்றேன். அவள் தலையாட்டினாள். கட்டில் எங்கே என்று கேட்டேன். பன்னிரண்டடிச் சுவரை ஒட்டி, அவனுடைய இடது கை சுவர்ப் பக்கம் வருகிற மாதிரி என்றாள். அந்தச் சுவரின் கோடியில் கதவு, கதவைத் தாண்டினால் குளியலறை.

"கதவு மூணரை அடி வெச்சுரு. சக்கர நாற்காலி வாங்கணும்" என்றாள். சொல்லிவிட்டு, யாரோ கேட்டுவிட்டதைப் போல வாயை மூடிக்கொண்டாள்.

அன்று மத்தியானமே சமையல்கட்டு மேடையில் வைத்துப் பட்டியலை எழுதினேன். இரண்டு சுவரும் சேர்ந்து இருபதடி நீளம், எட்டடி உயரம், இரண்டு பக்கம்: பத்து போர்டு. கூரைக்கு மூன்று. மொத்தம் பதின்மூன்று, கதவில் வெட்டி எடுக்கிற துண்டு சேதாரத்துக்குப் போதும். சேனல், கூரைக்குத் தொங்கு கம்பி, ஸ்க்ரூ ஐந்நூறு, டேப் ஒரு சுருள், பட்டி இரண்டு மூட்டை, ஒரு கதவு. எழுதி முடித்து ஒருமுறை கூட்டிப் பார்த்தேன். எனக்கே திருப்தியாக இருந்தது. ஒரு முழத் துண்டுகூட மிஞ்சாத கணக்கு.

கடைக்குப் போகிற வழியில் தங்கை போன் செய்தாள். "அவரு லிஸ்ட்டப் பாக்கணுமாம். நீ முக்காலாத்தான் போட்டிருப்பேன்னு சொல்லிச் சிரிக்கிறாரு. விபத்துக்கப்புறம் இன்னிக்குத்தான் சிரிச்சாரு, கொண்டு வந்து காட்டுண்ணே."

நான் சந்தோஷமாகத்தான் போனேன். அதை நினைத்தால் இப்போது என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

கட்டிலின் தலைப்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தியிருந்தார்கள். கழுத்தில் பட்டை. தங்கை பால் வாங்கி வருகிறேன் என்று பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு கீழே போனாள். பட்டியலை அவன் கண்ணுக்கு நேரே பிடித்தேன்.

"பதிமூணா? வெளங்கும். பதினஞ்சு போடு."

"கதவுத் துண்டு இருக்கு மாப்ள."

"கதவுத் துண்ட வெச்சே ஒரு வீடு கட்டிருவியே நீ. பதினஞ்சு போடு மச்சான். நம்ம வீடு."

"சரி சரி, பதினஞ்சு" என்றேன். நானே தோற்றுக்கொடுத்தது அதுதான் முதல் தடவை. அவன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படிக்கிற ஆள். ஒவ்வொரு வரியாக இறங்கினான். சேனலைப் பார்த்துத் தலையசைத்தான். ஸ்க்ரூ எந்த நீளம் என்று கேட்டான். கடைசி வரிக்கு வந்தவன் மறுபடி முதல் வரிக்குப் போனான். திரும்ப இறங்கினான்.

"பின்பக்கம் இருக்கா?"

"எது?"

"காகிதத்துக்குப் பின்னால ஏதாச்சும் எழுதியிருக்கியா?"

திருப்பிக் காட்டினேன். வெறும் தாள்.

"பிளைவுட் எங்க மச்சான்?"

அந்த நிமிஷம்வரை நான் அதை விட்டுவிட்டேன் என்பதே எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. எட்டு வருஷமாக முதல் வரியில் எழுதுகிற ஒன்றை என் கை எழுதவில்லை. நிற்கப் போகாத மனிதனுக்குக் கம்பி எதற்கு, கம்பி இல்லாத சுவருக்குப் பிளைவுட் எதற்கு என்று முக்கால் கணக்குப் போடுகிற புத்தி என்னைக் கேட்காமலே கழித்துவிட்டது. தங்கை என் மூஞ்சிக்குத்தான் காவல் போட்டாள். கைக்குப் போடவில்லை.

"மறந்துட்டேன் மாப்ள. சேத்துர்றேன். அரை ஷீட்டுதானே."

"நீ மறக்க மாட்ட."

"ஓட்டத்துல விட்டுப்போச்சுப்பா. ராத்திரி தூக்கமில்ல, என்னைய என்ன மிஷின்னு நெனச்சியா?" என்று கத்தினேன். கோபப்பட்டால் பொய் எடுபடும் என்று நினைத்தேன். பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார்.

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

நான் காகிதத்தை மடித்தேன். விரித்தேன். அவன் இரண்டாம் தடவை கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது புளுகியிருப்பேன். அவன் கூரையைப் பார்த்தான். மூச்சு மட்டும் வேகமாகப் போய்வந்தது. கண்ணிலிருந்து இறங்கிய நீர் காதுக்குள் போனது. துடைக்கக்கூடத் தோன்றாமல் மரம் மாதிரி நின்றேன்.

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எனக்குத் தெரிஞ்சது அவளுக்குத் தெரிய வேணாம். பாவம், ரொம்பக் கஷ்டப்பட்டு நடிக்கிறா."

"மாப்ள, பிளைவுட் எழுதிர்றேன்."

"வேணாம். வேஸ்ட்டு."

இருபத்திரண்டு வருஷத்தில் அவன் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. அது என் வார்த்தை.

"பேனாவ எடு" என்றான். எடுத்தேன். "சுவிட்ச் எவ்ளோ உசரத்துல போட்டிருக்க? நாலரையா? ரெண்டேகாலுக்கு எறக்கு. கட்டில் பக்கத்துச் சுவர்ல, இடது கைக்கு எட்டுற மாதிரி. கதவ நாலடி ஆக்கு."

"நாற்காலிக்கு மூணரை போதும்..."

"கட்டிலோட தூக்கிட்டுப் போறதுக்கும் சேத்துத்தான் சொல்றேன். எழுது."

எழுதினேன்.

"கூரைக்குப் பட்டி மூணு கோட்டு. நீ ரெண்டு போட்டு ஏமாத்துவ, எனக்குத் தெரியும். ஒரு ஸ்க்ரூ தலகூடத் தெரியக் கூடாது. ஜாயிண்ட்டும் தெரியக் கூடாது." கொஞ்சம் நிறுத்தினான். "நான்தானே பாத்துக்கிட்டே கெடக்கப் போறேன்."

அதற்குள் தங்கை பிளாஸ்க்கோடு வந்துவிட்டாள். "என்ன, சண்டை முடிஞ்சுதா?" என்றாள்.

"உங்கண்ணன் பதிமூணு போட்டிருக்கான். திட்டிப் பதினஞ்சு ஆக்கிட்டேன்" என்றான். குரலில் ஒரு பிசிறில்லை. அவள் கன்னத்தில் குழி விழச் சிரித்தாள். காதோரம் ஈரமாக இருப்பதைப் பார்த்து, "ஏசி தண்ணி சொட்டுதா?" என்று கேட்டுத் துண்டால் ஒற்றினாள். "ஆமா" என்றான்.

வேலைக்கு எங்களுக்குத் தெரிந்த பெயின்டரைக் கூட்டிக்கொண்டேன். நல்ல மனுஷர்தான், ஆனால் போர்டின் மறுமுனையைப் பிடிக்கத் தெரியவில்லை. நான் தூக்கும்போது அவர் இறக்குவார். அவர்மேல் நான் கத்தாத கத்தல் இல்லை. பலகைக்கு மூன்று ஸ்டேண்டு வைத்தேன். அவர் இரண்டு போதுமே என்றார். கையிலிருந்த டிரில்லைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

ஐந்தாம் நாள் பன்னிரண்டடிச் சுவரை மூடுகிற முறை. வெளிப்பக்கம் அடித்தாயிற்று, உள்பக்கம் திறந்திருந்தது. ஸ்க்ரூ எடுக்க வண்டிக்குப் போனபோது, பழைய வேலையில் மிஞ்சிய பிளைவுட் பட்டை ஒன்று அடியில் கிடந்ததைப் பார்த்தேன். ஓரடி அகலம், எட்டடி நீளம். அளவெடுத்து வெட்டின மாதிரி. எடுத்து வந்து சுவரில் சாய்த்தேன்.

"இது எங்க வருது?" என்று பெயின்டர் கேட்டார்.

மூன்றடி உயரத்தில் சேனலோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன். கச்சிதமாகப் பொருந்தியது. எட்டு ஸ்க்ரூ அடித்தால் தீர்ந்தது. கால் மணி நேர வேலை. ஆனால் அவன் வேண்டாம் என்று வாயால் சொல்லியிருக்கிறான். தட்டாமல் இருக்க மாட்டான், தட்டினால் தெரிந்துவிடும். எழ முடியாதவன் சுவரில் எழுந்து நிற்பதற்கான பலகையை வைத்து மூடினால் அது அவனைக் கேலி செய்கிற மாதிரி ஆகாதா? சொன்னதைச் செய்வதுதான் அவனுக்கு மரியாதை என்று தோன்றியது. சத்தியமாக அப்படித்தான் தோன்றியது.

"எங்கயும் வரல. வண்டியில போட்ருங்க" என்றேன். போர்டை வைத்து மூடினேன்.

கூரைக்கு மூன்று கோட்டு போட்டேன். நான்காவதும் போட்டேன். படுத்துப் பார்த்தேன், விளக்கை மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தேன். ஒரு இணைப்புக் கோடுகூடத் தெரியவில்லை. என் வாழ்நாளில் அப்படியொரு கூரை நான் போட்டதில்லை. போர்டு பதினைந்தில் இரண்டு மிஞ்சியது. அந்த இரண்டையும் வாசலில் சாய்த்து வைத்தேன்.

பதின்மூன்றாம் நாள் காலையில் கொண்டுவந்தார்கள். நாலடிக் கதவில் கட்டில் இடிபடாமல் உள்ளே போனது. தூக்கி வந்தவர்கள் போன பிறகு தங்கை தலையணையைச் சரி செய்தாள். அறையைச் சுற்றிக் காட்டுகிற பரபரப்பில் அவள் கண்ணெல்லாம் மின்னியது. அழுகையா சந்தோஷமா என்று பிரித்துச் சொல்ல முடியாத மின்னல் அது.

"சுவிட்சப் பாருங்க, உங்க கைக்கே எட்டும். ஜன்னல் வெளிச்சம் இந்தப் பக்கம். அப்புறம் இந்தச் சுவர்ல அண்ணன் நீளமா ஒரு கம்பி வெச்சுருவான். பாத்ரூம் வரைக்கும் பிடிச்சுக்கிட்டே நீங்க மெதுவா நடக்கலாம். என்னண்ணே?"

"ஆமா. கம்பி வரணும்" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். கோபமான பார்வை இல்லை. எங்கள் தொழிலில் ஒரு பார்வை உண்டு, மறுமுனையில் இருப்பவன் சொல்லாமல் ஏதாவது செய்து வைத்திருக்கிறானா என்று பார்க்கிற பார்வை. பிறகு இடது கையைத் தூக்கினான். சுவரில் விரல் முட்டியால் தட்டினான்.

டொம்.

ஒரு சாண் தள்ளித் தட்டினான். டொம். கையை இன்னும் உயர்த்தினான், தோள் நடுங்கியது, கம்பி வரவேண்டிய மூன்றடி உயரத்துக்குக் கொண்டுபோனான். அங்கே ஒரு தட்டு. டொம். கால்பக்கமாகக் கை எட்டுகிற கடைசி இடம்வரை நகர்த்தினான், அங்கேயும் தட்டினான்.

வேண்டாம் என்று சொன்னவன் அவன். வேஸ்ட்டு என்று சொன்னவன் அவன். நான் கேட்க மாட்டேன், வழக்கம்போல அவனை எதிர்த்து என் இஷ்டத்துக்கு எதையாவது செய்து வைத்திருப்பேன் என்று நம்பி வந்திருக்கிறான். இருபத்திரண்டு வருஷத்தில் திட்டாமல், எதிர்க்காமல் அவன் சொன்னபடி நான் செய்ததில்லை. இந்த ஒரு தடவை செய்துவிட்டேன்.

அந்த முதியவர் வீட்டில் சொன்னதைப் போல, தொற மச்சான் என்று அவன் சொல்லிவிட மாட்டானா என்று நின்றேன். சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே சுத்தியலை எடுத்திருப்பேன். அவன் கையைக் கீழே இறக்கி வயிற்றின் மேல் வைத்துக்கொண்டான். முகத்தைத் திருப்பிக் கூரையைப் பார்த்தான்.

"என்னண்ணே தேடுறாரு?" என்று தங்கை மெல்லக் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. வேலை சரியா இருக்கான்னு பாக்குறாரு" என்றேன்.

"சரியாத்தான் இருக்கு" என்றான் அவன்.